கவரோடு வைத்தால் வயர்லெஸ் சார்ஜ் ஏறவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

மொபைல் சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இது வந்துவிடும். "அண்ணே, புதுசா வயர்லெஸ் சார்ஜர் வாங்கினேன், சார்ஜே ஏற மாட்டேங்குது." போனை வாங்கி, பேக் கவரைக் கழற்றி, சார்ஜர் பேட்மேல் (போனை வைக்கும் தட்டையான சார்ஜர்) வைப்பேன். உடனே டிங் என்று சத்தம் வரும். பேடும் நல்ல பேடுதான், போனும் நல்ல போன்தான். நடுவில் இருந்த கவரோ, கவருக்குள் செருகி மறந்துபோன ஏதோ ஒன்றோதான் தடுத்துக்கொண்டிருந்தது. அதற்குள் அவர் வேறு அடாப்டர், வேறு பேட் என்று ஆயிரம் இரண்டாயிரம் செலவழித்திருப்பார். அந்தச் செலவு உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் போன் காட்டும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

## எதுவானாலும் முதலில் இந்தப் பத்து நிமிடச் சோதனை

கவரை முழுதாகக் கழற்றுங்கள். போனின் முதுகையும் பேடையும் காய்ந்த துணியால் துடையுங்கள். பேடின் கேபிளைச் சுவர் பிளக்கில் உள்ள அடாப்டரில் செருகுங்கள். லேப்டாப், டிவி, பழைய பவர் பேங்க் எதுவும் இந்தச் சோதனைக்கு வேண்டாம். போனை பேடின் நடுவில் வைத்து, எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள்.

மூன்று நான்கு சதவீதமாவது ஏறியிருந்தால் சிக்கல் கவர் பக்கம். கீழே உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியைப் பாருங்கள். ஒன்றுமே ஏறவில்லை என்றால் கவர்மேல் பழி இல்லை. "கவரைக் கழற்றியும் ஏறவில்லை" என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

## அறிகுறி: கவரோடு வைத்தால் அசைவே இல்லை, அல்லது பேடின் விளக்கு விடாமல் சிமிட்டுகிறது

### கவருக்கும் போனுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா?

நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இங்கேயே தீர்ந்துவிடும். கவரைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

முதல் சந்தேகம் காரில் போனை ஒட்டி வைப்பதற்கான இரும்புத் தகடு. காந்த ஹோல்டர் வாங்கினால் கூடவே ஒரு மெல்லிய தகடு தருவார்கள். அதைக் கவருக்குள் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். கால் டாக்சி ஓட்டும் ஒரு தம்பி பேட் சூடாகிறது என்று கொண்டுவந்தார். கவரைக் கழற்றினால் உள்ளே விசிட்டிங் கார்டு அளவில் ஒரு தகடு. அது இருந்த இடத்தில் மட்டும் கவர் பழுப்பேறி, லேசாக உப்பியிருந்தது. பேடிலிருந்து போனுக்குப் போக வேண்டிய சக்தியைத் தகடு வாங்கிச் சூடாகிக்கொண்டிருந்திருக்கிறது. நல்ல பேடாக இருந்தால் நடுவில் உலோகம் இருப்பதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும், விளக்கைச் சிமிட்டும். மலிவான பேட் சில நேரம் நிறுத்தாது, அதுதான் ஆபத்து. தகடை எடுத்துவிடுங்கள். காருக்கு இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் ஹோல்டர் போதும்.

அடுத்தது கார்டு. ஏடிஎம் கார்டு, மெட்ரோ கார்டு, ஆபீஸ் அடையாள அட்டை பெரும்பாலானவற்றில் சிப்பும் மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கும். சார்ஜ் ஏறாமல் போவது ஒரு பக்கம், கார்டே கெட்டுப்போவது இன்னொரு பக்கம்.

மூன்றாவது, யாருக்கும் சட்டென்று தோன்றாதது. கதிர்வீச்சைத் தடுக்கும் என்று சொல்லி விற்கிற பளபளப்பான ஸ்டிக்கர்கள், கோயிலில் வாங்கிப் பக்தியோடு கவருக்குள் வைத்த சின்னச் செப்புத் தகடு. இரண்டிலும் உலோகம் இருக்கிறது. ஸ்டிக்கரை உரித்துப் போடுங்கள், அதனால் உங்களுக்கு எந்த நன்மையும் இல்லை. சாமி தகடைப் பர்ஸில் பத்திரமாக வையுங்கள்.

### பின்னால் ரிங் அல்லது பிடிமானம் ஒட்டியிருக்கிறதா?

விரலை நுழைத்துப் பிடிக்கும் ரிங்கை எல்லோரும் முதுகின் நடுவில்தான் ஒட்டுவார்கள். போனுக்குள் சார்ஜ் வாங்கும் கம்பிச் சுருளான காயிலும் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. உலோக ரிங் என்றால் தடையும் உண்டு, சூடும் உண்டு. பிளாஸ்டிக்காக இருந்தாலும் போனைப் பேடிலிருந்து தூக்கிவிடும், அந்த இடைவெளியே போதும் சார்ஜ் நிற்க. "ஆர்மர்" கவர் என்று விற்கும் தடித்த கவர்களில் ரிங்கோடு சேர்த்து ஒரு இரும்புத் தகடும் உள்ளேயே பதித்திருப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கவரின் முதுகில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அந்தக் கவர் வயர்லெஸ் சார்ஜிங்குக்கு ஆகாது. (ஐபோன் மாதிரி காந்த வளையம் வைத்தே செய்த கவர்கள் வேறு கதை, பிறகு வருகிறேன்.)

### உள்ளே ஒன்றும் இல்லை, ரிங்கும் இல்லை. அப்படியானால் தடிமனா, பொருளா?

இதைக் கண்டுபிடிக்க நான் செய்வது ஒரு தாள் சோதனை. வீட்டில் ஏ4 தாள் இருந்தால் போதும். சாதாரண பிரிண்டர் தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. தடிமன். அதாவது இருபது தாள் 2 மி.மீ., முப்பது தாள் 3 மி.மீ. உங்கள் கவரின் முதுகுத் தடிமனுக்குச் சமமாகத் தாள்களை அடுக்கிப் பேட்மேல் வைத்து, கவர் இல்லாத போனை அதன்மேல் வையுங்கள்.

தாள்மேலும் ஏறவில்லை என்றால் தடிமன்தான் காரணம். பல பேட்களின் பெட்டியிலேயே 3 மி.மீ. வரை என்று போட்டிருக்கும், சிலவற்றில் 5 மி.மீ. அந்த அளவைத் தாண்டிய கவரில் எத்தனை முறை நகர்த்தி வைத்தாலும் பயனில்லை. தாளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வந்தால் எந்த இடத்தில் ஏறத் தொடங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். அடுத்த கவர் வாங்கும்போது அந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாள்மேல் ஏறுகிறது, அதே தடிமன் கவரில் ஏறவில்லை என்றால் கவரின் பொருள்தான் காரணம். அதில் எங்கோ மின்சாரம் கடத்தும் ஒன்று இருக்கிறது.

எந்தப் பொருள் எப்படி என்று நான் பார்த்த அளவில் சொல்கிறேன். மெத்தென்று வளையும் டிபியு பிளாஸ்டிக், கெட்டியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக், சிலிகான், தோல், துணி, மரம், மூங்கில் இவை எதுவும் தம்மளவில் தடை இல்லை. தடிமன் ஏறினால்தான் தொல்லை. தோல் கவர்களில் மெத்தை மாதிரி அடுக்கு வைத்துத் தைப்பார்கள், அதைக் கவனியுங்கள். அலுமினிய முதுகு வேண்டவே வேண்டாம். ஓரத்தில் மட்டும் உலோகச் சட்டம் இருந்து முதுகு திறந்திருந்தால் பெரும்பாலும் சார்ஜ் ஏறும், ஆனால் சட்டம் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகு முழுக்கக் கண்ணாடி மாதிரி முகம் தெரியும் கவர்களில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கலாம், அதையும் சோதித்துத்தான் நம்ப வேண்டும்.

கார்பன் ஃபைபரில்தான் குழப்பம் அதிகம். அசல் கார்பன் ஃபைபர் மின்சாரம் கடத்தும், அதனால் சார்ஜிங்கைக் கெடுக்கும். கடையில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் "கார்பன் ஃபைபர்" கவர் வெறும் டிபியுவில் கோடு கோடாக அச்சடித்தது, அதில் பிரச்சினை இல்லை. பார்க்க அதே மாதிரி கட்டம் கட்டமாக, விலை அதிகமாக, காகிதம் போல லேசாக இருக்கும் அராமிட் ஃபைபர் கவர் மின்சாரம் கடத்தாது, ஒரு மி.மீ. அளவுக்குத்தான் தடிமனும் இருக்கும். வயர்லெஸ் சார்ஜிங்கை தினமும் பயன்படுத்துபவர் கவருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கத் தயார் என்றால் நான் கை காட்டுவது இதைத்தான். இல்லையென்றால் 2 மி.மீ.க்குள் இருக்கும் சாதாரண டிபியு கவரே தாராளம்.

## அறிகுறி: ஏறத் தொடங்குகிறது, நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது

இரவு முழுக்க டிங் டிங் என்று சத்தம். காலையில் பார்த்தால் முப்பது சதவீதம். சார்ஜ் எல்லைக்கோட்டில் தொங்குகிறது என்று அர்த்தம்.

கேமரா மேடு தூக்குகிறதா? போனைக் கவரோடு மேசைமேல் மல்லாக்க வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். ஆடினால் கேமராவைச் சுற்றியுள்ள கவரின் உயர்ந்த விளிம்பு போனைச் சாய்வாக நிறுத்துகிறது. கேமராவை மூடித் திறக்கும் நகர்த்து கதவு உள்ள கவர்களில் இது இன்னும் மோசம். போனைக் கீழே இழுத்து, பிறகு மேலே தள்ளி, கேமரா பேடின் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைத்துப் பாருங்கள். பல போன்களுக்கு இது ஒன்றே போதும்.

ஃபிளிப் கவரா? மூடியைப் பின்னால் மடித்து வைத்தால் தடிமன் இரட்டிப்பாகும், மூடியைப் பிடிக்கும் காந்தப் பொத்தானும் காயிலுக்கு நேராக வந்து நிற்கும். மூடியைப் பக்கவாட்டில் விரித்து வையுங்கள்.

பழைய கவர் தளர்ந்துவிட்டதா? ஒரு வருடம் ஓடிய டிபியு கவர் மஞ்சளாகி முதுகில் தொப்பை மாதிரி உப்பும். போனுக்கும் கவருக்கும் நடுவில் காற்று இடைவெளி விழும். முதுகில் விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். கவரை மாற்றுங்கள்.

வைப்ரேஷன். வழுக்கும் கவரும் வழுக்கும் பேடும் சேர்ந்தால், ஒவ்வொரு அழைப்புக்கும் போன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நடுவை விட்டுப் போய்விடும். இரவில் வைப்ரேஷனை அணைத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் மேலே சொன்ன தாள் சோதனைதான். கவர் அநேகமாக எல்லைத் தடிமனில் இருக்கும்.

## அறிகுறி: ஏறுகிறது, ஆனால் ரொம்ப மெதுவாக

கவரைத் தொடுவதற்கு முன் அடாப்டரைப் பாருங்கள். பேடில் 15 வாட் என்று எழுதியிருந்தாலும், பின்னால் பழைய 5 வாட் அடாப்டரைச் செருகினால் 5 வாட்டுக்கு மேல் எங்கிருந்து வரும்? அடாப்டரில் பொடி எழுத்தில் 9 வோல்ட் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். 5 வோல்ட் மட்டும்தான் போட்டிருக்கிறது என்றால் வேக சார்ஜிங் கிடையாது. 5 வாட்டில் 4,500 மில்லி ஆம்பியர் பேட்டரி நிரம்ப நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது பழுது இல்லை, கணக்கு.

சாம்சங் போன் என்றால் அமைப்புகளில் பேட்டரி பகுதிக்குள் வேக வயர்லெஸ் சார்ஜிங் என்று ஒரு பொத்தான் இருக்கும். அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்குக் கவர் இங்கேதான் முக்கியமாகிறது. 2020-இல் ஐபோன் 12-லிருந்து மேக்சேஃப் காந்தம் (சார்ஜரைப் போனின் முதுகில் சரியான இடத்தில் ஒட்ட வைக்கும் ஆப்பிளின் முறை) வந்தது. அந்தப் போனில் காந்த வளையம் இல்லாத சாதாரணக் கவர் போட்டு மேக்சேஃப் சார்ஜரில் வைத்தால் ஒட்டியும் ஒட்டாமலும் நகர்ந்துகொண்டே இருக்கும், முழு வேகமும் கிடைக்காது. க்யூஐ (Qi) என்ற பொது வயர்லெஸ் தரத்தில் வரும் சாதாரண பேடில் வைத்தால் அந்த ஐபோன்கள் வாங்குவது 7.5 வாட்தான், 15 வாட் வேண்டுமானால் மேக்சேஃப் சார்ஜர் அல்லது க்யூஐ2 (அதே தரத்தின் காந்தம் உள்ள புதிய பதிப்பு) சார்ஜர், 20 வாட் அடாப்டர், கவர் போடுவதானால் காந்தம் உள்ள கவர் வேண்டும். 2025-இல் வந்த ஐபோன் 16இ-யில் வயர்லெஸ் சார்ஜிங் உண்டு, காந்தம் கிடையாது. அதற்குக் காந்தக் கவர் போட்டால் ஒட்டும், வேகம் மட்டும் 7.5 வாட்டைத் தாண்டாது.

கவர் இல்லாமல் பத்து நிமிடம், கவரோடு பத்து நிமிடம். இரண்டு சதவீதங்களையும் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் ஒன்றோ இரண்டோ என்றால் கவரை விடுங்கள். பாதியாகக் குறைந்தால் மாற்றுங்கள்.

## அறிகுறி: போன் கொதிக்கிறது, அல்லது 80 சதவீதத்தில் நின்றுவிடுகிறது

முதலில் ஒரு விஷயம். மிகச் சரியாக 80-இல், தினமும், நின்றால் அது சூடு இல்லாமலும் இருக்கலாம். ஐபோன் 15-லிருந்து 80 சதவீத வரம்பு ஒன்று அமைப்புகளில் இருக்கிறது, சாம்சங்கிலும் பேட்டரி பாதுகாப்பு என்று இருக்கிறது. யாராவது அதைப் போட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அது இல்லையென்றால், சூடு. வயர்லெஸ் சார்ஜிங்கில் இளஞ்சூடு சகஜம். உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிந்தால் பயப்பட வேண்டாம். கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் உடனே பேடிலிருந்து எடுங்கள்.

எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஐபோனைச் சுற்றி 0 முதல் 35 டிகிரி வெப்பம்தான் இருக்க வேண்டும் என்று ஆப்பிளே சொல்கிறது. கத்திரி வெயிலில் நம் ஊர் மாடி அறையில் ஃபேன் காற்றே 35 டிகிரியைத் தாண்டி வீசும். ஜன்னலோரம், மெத்தை, தலையணை, கார் டேஷ்போர்டு எதுவும் வேண்டாம். தரையில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

போனில் என்ன ஓடுகிறது? மேப் போட்டுக்கொண்டு, கேம் ஆடிக்கொண்டு, ஹாட்ஸ்பாட் கொடுத்துக்கொண்டு வயர்லெஸ் சார்ஜ் போட்டால் எந்தக் கவரானாலும் சூடாகும்.

கவர் சூட்டை அடைக்கிறதா? தடித்த சிலிகானும் மெத்தை வைத்த தோலும் போர்வை மாதிரி. சார்ஜ் நன்றாக ஏறும், ஆனால் உள்ளே பிறக்கும் சூடு வெளியே போகாது. போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், பிறகு நிறுத்தும். கோடைக்கு மட்டுமாவது கவரைக் கழற்றி வையுங்கள், அல்லது மெல்லியதாக மாற்றுங்கள்.

ஒரே இடத்தில் மட்டும் சூடா? இதுதான் முக்கியம். முதுகு முழுக்க ஒரே சீராகச் சூடாவது ஒன்று. ஒரு ரூபாய் வட்டத்தில், கார்டு வடிவத்தில் சூடாவது வேறு. பின்னது உலோகம். கவரைப் பிரித்துப் பாருங்கள். கவரில் உருகிய தடமோ கருகிய வாசனையோ இருந்தால் அந்தக் கவரையும் அந்தப் பேடையும் சேர்த்து வைக்கவே வேண்டாம்.

## அறிகுறி: காந்தம் பிடிக்கிறது, சார்ஜ் ஏறவில்லை

கவர்மேல் ஒட்டும் வளையம் வாங்கி ஆண்ட்ராய்டு போனில் ஒட்டியவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். இரண்டு விஷயம் பாருங்கள்.

வளையம் சரியான இடத்தில் ஒட்டியிருக்கிறதா? எல்லா போனிலும் காயில் ஒரே உயரத்தில் இல்லை. வளையத்தை ஒட்டும் முன் கவர் இல்லாத போனைப் பேட்மேல் மெல்ல மேலும் கீழும் நகர்த்தி, எங்கே உறுதியாக ஏறுகிறதோ அந்த நடுப்புள்ளியைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். வளையத்தின் நடு அங்கே வர வேண்டும். கண்மட்டத்தில் ஒட்டினால் காந்தம் பேடைத் தவறான இடத்துக்குத்தான் இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்து, ஒட்டியது வளையம்தானா? நடுவில் ஓட்டை இல்லாத முழு வட்டத் தகடும் கடையில் அதே இடத்தில்தான் தொங்கும். அது காருக்கு மட்டும். நடு காலியாக இருந்தால்தான் சார்ஜ் உள்ளே போக வழி உண்டு.

காந்தம் பலவீனமாகப் பிடித்து நழுவினால், காந்த வளையம் உள்ள கவரை மேலும் ஒரு கவருக்குள் போட்டிருக்கிறீர்களா, வளையத்துக்கும் பேடுக்கும் நடுவில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகக் கவர் வாங்குபவர்களுக்கு: சாம்சங் கேலக்ஸி எஸ்25 வரிசையில் போனுக்குள் காந்தம் இல்லை, கவரில்தான் இருக்க வேண்டும். கூகுளின் பிக்சல் 10-இல் போனிலேயே இருக்கிறது.

## அறிகுறி: சார்ஜ் ஏறியது, கார்டு வேலை செய்யவில்லை

கார்டு பை வைத்த கவரோடு பேட்மேல் வைத்ததால் வந்தது. காந்தப் பட்டை அழிந்திருக்கலாம், சிப் கெட்டிருக்கலாம். வீட்டில் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை; வங்கியில் சொல்லி மாற்றுக் கார்டு வாங்குங்கள். இனி கார்டு வேறு இடத்தில் இருக்கட்டும். கார் சாவி, பாஸ்போர்ட் இவற்றுக்கும் இதேதான்.

## அறிகுறி: கவரைக் கழற்றியும் ஏறவில்லை

1. போனில் அந்த வசதி இருக்கிறதா? கேட்கத் தயங்காதீர்கள், நிறைய பேருக்கு இதுதான். முதுகு கண்ணாடியாக இருப்பதால் மட்டும் வயர்லெஸ் சார்ஜிங் வந்துவிடாது. ஐபோனில் 2017-இல் வந்த 8 முதல் உண்டு. சாம்சங்கில் எஸ் வரிசையில் உண்டு; ஏ54, ஏ55 மாதிரி போன்களில் இல்லை.
2. போனை ஒரு முறை அணைத்துத் திறங்கள். கேபிள் சார்ஜரும் கூடவே செருகியிருந்தால் கழற்றுங்கள்.
3. வயர்லெஸ் வசதி உள்ள வேறு ஒரு போனை இதே பேடில் வையுங்கள். அதுவும் ஏறவில்லை என்றால் முதலில் கேபிளையும், பிறகு அடாப்டரையும், கடைசியாகப் பேடையும் மாற்றிப் பாருங்கள்.
4. அந்தப் போன் ஏறுகிறது, உங்கள் போன் மட்டும் ஏறவில்லை என்றால் பழுது உங்கள் போனுக்குள்.

## எப்போது சர்வீஸுக்குக் கொண்டு போக வேண்டும்

நாலாவது படியில் நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். வீடியோ பார்த்து முதுகைத் திறக்காதீர்கள். காயில் பேட்டரியின்மேல் உட்கார்ந்திருக்கிறது, கூரான கருவி ஒன்று பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும்.

போன் கீழே விழுந்த பிறகோ, முதுகுக் கண்ணாடி மாற்றிய பிறகோ வயர்லெஸ் சார்ஜிங் நின்றிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். காயிலின் பட்டைக் கேபிள் சரியாக உட்காராமல் போவதும், மடங்கி அறுந்துபோவதும் அங்கேதான் நடக்கும். எனக்கு வந்த ஒரு போனில் முந்தைய கடையில் காயிலையே திரும்ப மாட்டாமல் மூடியிருந்தார்கள். அதனால் முதுகு மாற்றக் கொடுத்த போனைத் திரும்ப வாங்கும்போது, காசு கொடுக்கும் முன்பே அங்குள்ள ஒரு பேடில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

முதுகோ திரையோ ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்தால், மேசையில் வைக்கும்போது போன் சுழன்றால், பேட்டரி உப்பியிருக்கிறது. சில நேரம் இதைக் "கவர் டைட்டாகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். கவரைப் பலவந்தமாக அழுத்திப் போடாதீர்கள். வயர்லெஸ்ஸிலும் கேபிளிலும் சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், போனை அணையுங்கள், துணியோ காகிதமோ பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள், அன்றைக்கே கொண்டு போங்கள்.

வாரண்டி இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். போகும்போது உங்கள் கவரையும் பேடையும் அடாப்டரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். போனை மட்டும் கொண்டு போனால் அவர்கள் பேடில் வைத்து, ஏறுகிறது என்று காட்டி, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.